பழைய பெடல் கயாக்கில் பாய் செட் மாட்டுவது: மாஸ்ட் (பாய்மரம்) ஆடுகிறது, என்ன செய்யலாம்?

குருநகர்_கனடா | மே 4, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். இருப்பது ஸ்கார்பரோ, டொரொண்டோ. போன இலையுதிர் காலத்தில் ஒருவரிடம் பழைய பெடல் கயாக் (காலால் மிதித்து ஓட்டும் சிறு படகு) ஒன்று வாங்கினேன். பிளாஸ்டிக் உடம்பு, 12 அடிக்குக் கொஞ்சம் கூட நீளம், 84 செ.மீ. அகலம், வயது பன்னிரண்டு பதின்மூன்று இருக்கும். கம்பெனி பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் பேச்சு அந்தப் பக்கம் போய்விடும். இருக்கைக்கு முன்னால் பாய்மரம் நடுவதற்கு ஒரு துளை வார்ப்பிலேயே இருக்கிறது, அதற்கு ரப்பர் மூடி போட்டிருந்தது. முந்தின ஆள் மீன்பிடிக்க மட்டும் பாவித்தவராம். பாய் கட்டியதே இல்லை.

இந்தக் கிழமை தனியாக ஒரு பாய் செட் கைக்கு வந்தது, அதுவும் பழையதுதான். இரண்டு துண்டாகக் கழற்றும் அலுமினிய மாஸ்ட், பொருத்தினால் 3 மீட்டர். முக்கோணப் பாய், 20 சதுர அடி. ஒரு கப்பி, ஒரு கயிறு. குறிப்புத் தாள் ஒன்றும் இல்லை.

வீட்டு வாசலில் வைத்து மாட்டிப் பார்த்தேன். மாஸ்ட் நிற்கிறது, ஆனால் ஆடுகிறது. நுனியைத் தள்ளினால் நடுவிலிருந்து நாலு விரல் அகலம் போகிறது. மற்றப் பக்கமும் அப்படியே. துளையின் உள் விட்டம் 41 மி.மீ., மாஸ்டின் வெளி விட்டம் 38. பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றி இறுக்கலாமா என்று யோசிக்கிறேன். சுக்கானும் சிறியது. போதுமா தெரியவில்லை.

எங்கள் சித்தப்பா குருநகரில் பாய் வைத்து ஓடினவர். எனக்கு நாலு வயதில் ஒருமுறை ஏற்றிக்கொண்டு போனதாக அம்மா சொல்லுவா. எனக்கு ஒன்றும் நினைவில்லை. பாய் கட்டத் தெரிந்த வம்சம் என்று நினைத்து யாரும் பதில் எழுத வேண்டாம், அடியிலிருந்தே சொல்லுங்கள்.

சும்மா_சொல்றேன் | மே 4, இரவு 10.15

இவ்வளவு பாடு எதுக்கு? வட்டமா, குடை மாதிரி விரியற பாய் இருக்கு. முன்னாடி இரண்டு கொக்கி, முடிஞ்சது. மாஸ்ட் வேண்டாம், துளை வேண்டாம். மடிச்சா தட்டு அளவுதான். நான் அதைத்தான் வச்சிருக்கேன்.

யாராக்கரை | மே 5, காலை 6.05

அந்த வட்டப் பாய் காற்று முதுகில் இருக்கும்போது அருமையாக இழுக்கும். திரும்பி வரும்போது? மடித்து வைத்துவிட்டு மிதிக்க வேண்டியதுதான். குருநகர் தம்பி இருப்பது பெரிய ஏரி. காற்று எந்தப் பக்கம் கொண்டுபோகிறதோ அந்தப் பக்கம் மட்டும் போகிற பாயை நான் அங்கே பரிந்துரைக்க மாட்டேன்.

மெல்பனில் ஒன்பது வருடமாகப் பாய் வைத்து கயாக் ஓட்டுகிறேன். என்னுடையது 16 அடி ஹோபி அட்வென்சர். தம்பியுடையது அதைவிடக் குட்டை, ஆனால் அகலம், அதனால் நிதானமாக நிற்கும். சுக்கானைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் அந்த ஆட்டம் ஏன் என்று பார்க்க வேண்டும். டியூப் சுற்றுவதற்கு அவசரப்படாதீர்கள்.

அரைக்கணக்கு | மே 5, காலை 8.30

சைக்கிள் டியூபுக்கு முன்னால் ஒரு கணக்கு.

இடைவெளி 3 மி.மீ. மாஸ்ட் துளைக்குள் 30 செ.மீ. இறங்கியிருந்தால், 300 மி.மீ. ஆழத்துக்கு 3 மி.மீ. சாயலாம், அதாவது நூற்றுக்கு ஒன்று. மேலே நீட்டிக்கொண்டிருப்பது சுமார் 2.7 மீட்டர். அப்படியென்றால் நுனி 2.7 செ.மீ. ஆட வேண்டும், ஒன்றரை விரல் அகலம். நீங்கள் நாலு விரல் என்கிறீர்கள், 7 செ.மீ. வைத்துக்கொள்வோம். அதைத் திருப்பிப் போட்டால் மாஸ்ட் உள்ளே இறங்கியிருப்பது 11, 12 செ.மீ. தான் என்று வருகிறது.

மாஸ்டில் டேப் ஒட்டி அடையாளம் வைத்து, எத்தனை செ.மீ. இறங்குகிறது என்று அளந்து சொல்லுங்கள். மேல்தளத்திலிருந்து அடிவரை கயாக்கின் உயரத்தையும் அளந்து பாருங்கள்.

குருநகர்_கனடா | மே 5, மாலை 7.20

அண்ணை, நீங்கள் சிங்கப்பூரில் இருந்துகொண்டு எங்கள் வீட்டு வாசலை எப்படிப் பார்த்தீர்கள்? தும்புத்தடிக் கம்பை விட்டு அளந்தேன். 12 செ.மீ. கயாக்கின் வெளி உயரம் அந்த இடத்தில் 31.

கம்பின் நுனி கல்லில் முட்டுவதுபோல முட்டவில்லை. மெத்தென்று இருக்கிறது. அழுத்தினால் கொஞ்சம் அமுங்கித் திரும்பி வருகிறது.

யாராக்கரை | மே 5, இரவு 11.50

உள்ளே யாரோ எதையோ திணித்திருக்கிறார்கள். தண்ணீர் தேங்காமல் இருக்க நீச்சல் குளத்து நூடுலை (மிதக்கும் ஃபோம் உருளை) வெட்டிப் போடுவது மீன்பிடிக்காரர்கள் வழக்கம். முதலில் வாய்க்கு நேராக இருந்திருக்கும். பிறகு யாரோ தூண்டில் கம்பை நட்டு நட்டு கீழே தள்ளியிருப்பார்கள்.

தயவுசெய்து மேலிருந்து குத்தித் தள்ள வேண்டாம், கீழே போகப் போக இறுகும். கைபேசி விளக்கை வாயில் வைத்துப் பாருங்கள். ஃபோம் என்று தெரிந்தால் ஒயின் போத்தல் திறக்கும் திருகாணி எடுங்கள். அதன் பிடியில் ஒரு நீளக் கம்பியைக் கட்டி, திருகி, இழுங்கள். சிரிக்காதீர்கள், நான் செய்திருக்கிறேன்.

குருநகர்_கனடா | மே 7, இரவு 8.45

அக்கா, உங்களுக்குக் கோயில் கட்டலாம்!

திருகாணியைச் சட்டை மாட்டும் கம்பியில் கட்டி இறக்கினேன். ஆறு திருகு. முதல் இழுப்பில் பிய்ந்து ஒரு துணுக்கு வந்தது. இரண்டாவது தடவை சோப்புத் தண்ணீர் கொஞ்சம் ஊற்றி, திருப்பித் திருப்பி இழுத்தேன். போத்தல் திறக்கிற மாதிரியே ஒரு சத்தத்தோடு வெளியே வந்தது. நீல நிற நூடுல், ஒரு சாணுக்கும் குறைவு, ஒரு பக்கம் வெயிலில் வெளுத்து மற்றப் பக்கம் புதிசு போல நீலம். அதற்குக் கீழே மணல். கயாக்கைக் கவிழ்த்துத் தட்டினால் இரண்டு கைப்பிடி ஈர மணல், அதற்குள் ஒரு ஈயக் குண்டு, துருப்பிடித்த தூண்டில் முள் ஒன்று. என் மகள் அதையெல்லாம் ஒரு கிண்ணத்தில் போட்டு ஜன்னலில் வைத்திருக்கிறாள்.

இப்போது மாஸ்ட் 29 செ.மீ. இறங்குகிறது. நுனி ஆட்டம் ஒன்றரை விரல். அரைக்கணக்கு அண்ணையின் கணக்கு அச்சொட்டு.

அப்படியே பாயை மாட்டி ஏரியில் இறக்கலாமா?

அரைக்கணக்கு | மே 7, இரவு 10.10

அந்த 12 செ.மீ. ஆழத்திலேயே டியூப் சுற்றிக் கிளம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக.

20 சதுர அடி என்பது ஏறத்தாழ 1.9 சதுர மீட்டர். காற்று 10 நாட் (மணிக்குச் சுமார் 18 கி.மீ.) என்றால் பாயில் விழும் விசை தோராயமாக மூன்றரை கிலோ. 15 நாட்டில் 8 கிலோ. 20 நாட்டில் 15 கிலோவைத் தொடும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு, இதை மறக்கக்கூடாது. அந்த விசை தளத்துக்கு மேல் 1.2 மீட்டர் உயரத்தில் இழுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 15 நாட்டில், மாஸ்ட் 30 செ.மீ. உள்ளே இருந்தால் துளையின் வாயில் 40 கிலோ அழுத்தம். 12 செ.மீ. மட்டும் இருந்தால் அதே காற்றில் 90 கிலோ. பதின்மூன்று வருடம் வெயிலில் கிடந்த பிளாஸ்டிக்கின் ஒரு விளிம்பில் 90 கிலோ.

யாராக்கரை | மே 8, காலை 5.55

மணல் என்றதும் எனக்கு வயிறு கலங்கியது. இந்த மாதிரி செட்டில் பாயைச் சுருட்ட மாஸ்டையே சுற்றுவோம். அடியில் மணல் இருந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் அம்மிக்கல் மாதிரி அரைக்கும். முந்தின ஆள் பாய் கட்டவில்லை, சரி. ஆனால் தூண்டில் கம்பு நட்டிருந்தால் அதுவும் அரைத்திருக்கும்.

இறக்குவதற்கு முன் ஒரே ஒரு சோதனை. கயாக்கைச் சமதளத்தில் வையுங்கள். மாஸ்ட் இறங்கும் குழாயை வாய்வரை தண்ணீரால் நிரப்புங்கள், பென்சிலால் கோடு போடுங்கள், தூங்கப் போங்கள். காலையில் கோடு எங்கே, தண்ணீர் எங்கே என்று பாருங்கள்.

குருநகர்_கனடா | மே 9, காலை 7.30

6 செ.மீ. இறங்கியிருக்கிறது. கயாக்கின் வயிற்றுக்குள் கை விடுகிற முன் மூடியைத் திறந்து ஸ்பஞ்சால் ஒற்றினேன், உள்ளே ஈரம். வேலைக்குப் போகிறேன். மனம் சரியில்லை.

சும்மா_சொல்றேன் | மே 9, காலை 9.00

சிலிக்கன் அடிச்சா போதும். பத்து நிமிஷ வேலை.

அரைக்கணக்கு | மே 9, மதியம் 1.40

இது பாலிஎத்திலீன். சிலிக்கன் அதில் ஒட்டாது. காய்ந்த பிறகு நகத்தால் உரித்தால் தோல் மாதிரி முழுசாக வரும். சாதாரண எபாக்ஸியும் அப்படித்தான். வெஸ்ட் சிஸ்டம் கம்பெனியின் ஜி ஃப்ளெக்ஸ் என்ற எபாக்ஸி பிடிக்கும், ஆனால் பிளாஸ்டிக்கின் மேல் தீச்சுடரை ஓட்டி எடுத்த பிறகுதான். மூடிய கயாக்கின் உள்ளே, ஃபோம் இருக்கிற இடத்தில் யாரும் தீயை நீட்டவே கூடாது.

பிளாஸ்டிக்கைப் பிளாஸ்டிக்கால் வெல்டு செய்வதுதான் வழி. கண்ணுக்குத் தெரிகிற விரிசலின் இரண்டு முனையிலும் 3 மி.மீ. துளை போடுங்கள், அதற்கு மேல் ஓடாது. விரிசலை 'வ' வடிவில் இல்லாமல் ஆங்கில 'வி' வடிவில் கீறித் திறந்து, சாலிடரிங் இரும்பால் அதே வகைப் பிளாஸ்டிக் குச்சியை உருக்கி நிரப்புங்கள். குச்சியும் அடியும் ஒன்றாக உருக வேண்டும், மேலே மெழுகு ஊற்றின மாதிரி இருந்தால் பிடிக்கவில்லை என்று அர்த்தம். புகை வந்தால் சூடு அதிகம். முதலில் ஒரு பழைய பால் கேனில் பழகுங்கள்.

விரிசல் எங்கே இருக்கிறது? முன் மூடி வழியாகக் கை எட்டுமா?

முயல்தீவு | மே 9, மாலை 6.30

தம்பிமாரே, அக்காமாரே, தூத்துக்குடியிலிருந்து எழுதுகிறேன். இந்த இழையை இரண்டு நாளாகப் பேரன் படித்துக் காட்டுகிறான். கயாக்கு என்பதை நான் தொட்டது கிடையாது. அப்பச்சி காலத்து வள்ளத்தில் பாய் இழுத்திருக்கிறேன், அந்த உரிமையில் இரண்டு வார்த்தை.

எல்லாரும் பாய்மரத்தையே பார்க்கிறீர்கள். பாய் காற்றைப் பிடிக்கும், சரி. தண்ணியை எது பிடிக்கும்? வள்ளத்துக்கு அடியில் ஏரா, அதாவது நீளமான அடிக்கட்டை உண்டு. கட்டுமரத்துக்கு ஏரா கிடையாது, அதனால் பாய் ஓடும்போது மரங்களுக்கு நடுவே ஒரு பலகையைத் தண்ணிக்குள் இறக்குவார்கள். அது இல்லாவிட்டால் மரம் நண்டு மாதிரி பக்கவாட்டில் போகும். தம்பியின் படகுக்குக் கீழே என்ன இருக்கிறது?

இன்னொன்று. பாயின் மூலையிலிருந்து கைக்கு வருகிற கயிற்றை எங்கள் பக்கம் தாமான் என்போம். தாமானைப் படகில் முடிச்சுப் போட்டுக் கட்டாதே. கையில் பிடி. பாயை ஏற்றுகிற கயிறு ஆஞ்சான், அது சிக்கினாலும் தப்பிக்கலாம், தாமான் சிக்கினால் கவிழ்ந்த பிறகுதான் தெரியும்.

யாராக்கரை | மே 9, இரவு 11.30

அண்ணாச்சி, எனக்கு ஒன்பது வருடமாக அந்தக் கயிற்றுக்குத் தமிழ் வார்த்தை தெரியாமல் இருந்தது. நன்றி.

நீங்கள் கேட்ட கேள்விதான் சரியான கேள்வி. பெடல் கயாக்கில் காலால் மிதித்தால் அடியில் இரண்டு செதில் அசையும். பாய் ஓடும்போது ஒரு பெடலை முன்னும் ஒன்றைப் பின்னும் வைக்காமல், இரண்டையும் சமமாக நிறுத்தினால் அந்த இரண்டு செதிலும் நேராகத் தொங்கி நிற்கும். அதுதான் நீங்கள் சொல்லும் பலகை. மிதிக்காவிட்டாலும் பெடலைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டுப் போகக்கூடாது. ஆழமில்லாத இடத்தில் ஒரு பெடலை முழுக்க முன்னால் தள்ளினால் செதில்கள் வயிற்றோடு ஒட்டிக்கொள்ளும். அந்த நேரம் கயாக் வழுக்கிக்கொண்டு போவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

குருநகர்_கனடா | மே 17, இரவு 10.05

ஒரு கிழமையாகக் காணவில்லை என்று நினைத்திருப்பீர்கள். கயாக்கின் வயிற்றுக்குள் இருந்தேன்.

விரிசல் குழாயின் அடி மூலையில், வெளிப்பக்கம், 2 செ.மீ. நீளம். முன் மூடி வழியாகத் தோள்வரை கையை விட்டால் விரல் நுனி எட்டுகிறது. ஆனால் தலையையும் விட்டால் கைக்கு இடமில்லை, கையை விட்டால் கண்ணுக்கு இடமில்லை. கடைசியில் கைபேசியை உள்ளே டேப் போட்டு ஒட்டி, வீடியோ அழைப்பில் மனைவியின் கைபேசியை வெளியே வைத்துப் பார்த்துக்கொண்டு வெல்டு செய்தேன். மூக்கில் முகமூடி, காராஜ் கதவு திறந்து, மின்விசிறி வைத்து. பால் கேனில் மூன்று நாள் பழகினேன். அண்ணை சொன்னது சரி. முதல் இரண்டு கேனிலும் என் வேலை மெழுகு ஊற்றின மாதிரித்தான் இருந்தது, நகத்தால் கிளப்பினால் வந்துவிட்டது.

பிறகு அடியில் தேயாமல் இருக்க, சமையலறையில் மீன் வெட்டுகிற வெள்ளைப் பிளாஸ்டிக் பலகை ஒன்றிலிருந்து 6 மி.மீ. தடிப்பில் ஒரு வட்டம் வெட்டிக் குழாய்க்குள் போட்டேன். (பலகை பழையது என்று நான் நினைத்தேன். வீட்டில் அப்படி நினைக்கவில்லை.)

தண்ணீர்ச் சோதனை இரண்டு இரவு. பென்சில் கோட்டிலேயே நிற்கிறது.

மிச்சமிருக்கும் 3 மி.மீ. ஆட்டத்துக்கு என்ன செய்ய?

அரைக்கணக்கு | மே 18, காலை 7.15

சபாஷ். வீடியோ அழைப்பு யோசனையைத் திருடிக்கொள்கிறேன்.

ரப்பர் டியூப் வேண்டாம். ரப்பர் மாஸ்டைச் சுற்ற விடாது, நீங்கள் பாயைச் சுருட்ட முடியாது. மாஸ்டின் கீழ் முனையில் ஒன்று, தளத்தின் வாய்க்கு நேராக ஒன்று, இரண்டு இடத்தில் மட்டும் வழுக்கும் டேப்பைச் சுற்றி 40 மி.மீ.க்குக் கொண்டுவாருங்கள். ஒரு மி.மீ. இடைவெளி இருக்கட்டும். மணல் புகுந்தால் கழற்ற முடியாமல் இறுகிப் போகும்.

யாராக்கரை | மே 18, காலை 10.20

இப்போது என் முறை. பாயைப் பொருத்துவதில் தப்பு நடப்பது பெரும்பாலும் தாமான் வருகிற இடத்தில்தான்.

உங்கள் பாய்க்குக் கீழ்க்கம்பு கிடையாது. அதனால் கப்பி எங்கே இருக்கிறதோ, அது பாயின் வடிவத்தையே தீர்மானிக்கும். கப்பி ரொம்பப் பின்னால் போனால் பாயின் அடி இறுகும், மேல் பகுதி திறந்து காற்றை வழியவிடும். ரொம்ப முன்னால் வந்தால் பின்விளிம்பு இறுகி, அடி பை மாதிரி தொங்கும். எங்கே சரி என்று காகிதத்தில் சொல்ல முடியாது. அதனால் முதல் நாளே துளை போடாதீர்கள். இருக்கைக்குப் பின்னால் சாமான் கட்டுகிற கண்ணிகள் இருக்கும், அதில் ஒரு கயிற்று வளையம் போட்டுக் கப்பியைக் கட்டி, இடத்தை மாற்றி மாற்றி மூன்று நாளாவது ஓட்டிப் பாருங்கள். நான் அவசரப்பட்டுப் போட்ட இரண்டு துளை இன்னும் என் கயாக்கில் போல்ட் போட்டு மூடிக் கிடக்கிறது, அதைத் தாண்டும் போதெல்லாம் முழங்கால் உரசும்.

துளை போட்டே ஆகவேண்டும் என்றால், உள்ளே கை எட்டுகிற இடத்தில் துருப்பிடிக்காத போல்ட், அகலமான வாஷர், நைலான் வைத்த நட். கை எட்டாத இடத்தில் ரப்பர் உடம்புக்குள் பித்தளை மரை வைத்த நட் கிடைக்கும், போல்ட்டை இறுக்கினால் உள்ளே பருத்துப் பிடித்துக்கொள்ளும். சுற்றிலும் பியூட்டைல் டேப்.

தாமானைப் பல்லுள்ள கிளீட்டில் (கயிற்றைப் பிடிக்கும் கவ்வி) மாட்டலாம், ஆனால் மேல்நோக்கி ஒரு இழுப்பில் கழன்றுவிடுகிற மாதிரி இருக்க வேண்டும். கயிற்றின் கடைசி முனையில் எட்டு முடிச்சு போட்டால் கப்பியிலிருந்து உருவிப் போகாது. அண்ணாச்சி கோபிக்க வேண்டாம், அது கயிற்றுக்குள்ளேயே போடுகிற முடிச்சு, படகில் கட்டுவதில்லை.

சுக்கான்: பெரிய தகடு கிடைத்தால் வாங்குங்கள். கிடைக்காவிட்டாலும் சுக்கானை இழுக்கும் கயிறுகளை மட்டும் கட்டாயம் மாற்றுங்கள். அத்தனை வருடத்துக் கயிறு பின்பக்கத் துளைக்குள் எங்கே தேய்ந்திருக்கிறது என்று வெளியே தெரியாது.

குருநகர்_கனடா | மே 18, இரவு 9.10

பார்த்தேன். இடப்பக்கக் கயிறு, பின் துளைக்குள் நுழைகிற இடத்தில், மூன்று நூல்தான் மிச்சம். படம் எடுத்து வைத்திருக்கிறேன். இரண்டையும் மாற்றுகிறேன்.

சும்மா_சொல்றேன் | மே 19, காலை 8.20

எல்லாம் சரி. ஆனா ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. கயாக்குக்குப் பாய்ங்கறது விளையாட்டுச் சாமான்தானே? இதுக்கு இரண்டு வாரமா ஆராய்ச்சி. பாய் வேணும்னா பாய்க்கப்பல் வாங்கலாமே.

அரைக்கணக்கு | மே 19, மதியம் 12.50

1956-இல் ஹானஸ் லிண்டமான் என்கிற ஜெர்மன் மருத்துவர் மடக்குக் கயாக்கில் பாய் கட்டிக்கொண்டு அட்லாண்டிக்கைத் தாண்டினார், 72 நாள். அவர் வைத்திருந்தது கடையில் விற்கிற கிளெப்பர் கம்பெனிக் கயாக்.

அதைவிட நமக்கு நெருக்கமான கதை ஆஸ்கர் ஸ்பெக். 1932-இல் ஜெர்மனியின் உல்ம் ஊரில், டான்யூப் ஆற்றில் மடக்குக் கயாக்கை இறக்கினார். சைப்ரஸில் வேலை தேடிக் கிளம்பியவர். நிறுத்தவே இல்லை. சின்னப் பாய் ஒன்று கட்டிக்கொண்டு இந்தியக் கரையோரமாக வந்து, இலங்கையைத் தொட்டு, நம் கிழக்குக் கரை வழியாக மேலே ஏறி, பர்மா, சிங்கப்பூர் தாண்டிப் போனார். 1939 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் சைபாய் தீவில் கரையேறினார். உலகப்போர் அப்போதுதான் தொடங்கியிருந்தது, ஜெர்மன்காரர் என்பதால் பிடித்துக் காவலில் வைத்துவிட்டார்கள். ஏழு வருடம் அதே விளையாட்டுச் சாமான்.

சும்மா_சொல்றேன் | மே 19, மதியம் 1.05

சரி சரி, வாபஸ்.

முயல்தீவு | மே 19, இரவு 7.45

கரையில் எங்கள் கிழவர்கள் யாராவது அந்த வெள்ளைக்காரனைப் பார்த்திருப்பார்கள். கேட்க இப்போது ஒருவரும் இல்லை.

குருநகர் தம்பி, ஒரு கேள்வி. முதல் நாள் எந்தக் காற்றில் இறக்கப் போகிறாய்?

குருநகர்_கனடா | மே 20, காலை 6.40

அண்ணாச்சி, இறக்குகிற இடம் ஒன்டாரியோ ஏரிக்கரையில் பிளஃபர்ஸ் பார்க். பின்னால் சுவர் மாதிரி மண் மலை, சில இடத்தில் 90 மீட்டர் உயரம். வடக்கே இருந்து காற்று அடித்தால் மலைக்குக் கீழே கண்ணாடி மாதிரி தண்ணீர். இந்தச் சனிக்கிழமை அப்படித்தான் இருக்குமாம். புதிய ஆளுக்கு நல்ல நாள் என்று நினைக்கிறேன்.

முயல்தீவு | மே 20, காலை 8.00

அந்த நாளில் இறங்காதே.

வாடைக்காற்று உன் முதுகில். கரையோரம் அமைதி, மலை மறைக்கிறது. அரை மைல் போனதும் மறைவு தீரும், அப்போது காற்று முழுசாகப் பிடிக்கும், அதுவும் நடுத்தண்ணிக்குள் தள்ளும். திரும்பி வர ஒவ்வொரு அடியும் எதிர்க்காற்று. தண்ணியிலிருந்து கரையைப் பார்த்து வீசுகிற காற்றில் இறங்கு. பாய் ஒடிந்தாலும், நீ தூங்கிப்போனாலும் கரைக்கே கொண்டுவந்து போடும்.

யாராக்கரை | மே 20, காலை 8.30

அண்ணாச்சி சொன்னதை அச்சடித்துக் கயாக்கில் ஒட்டுங்கள் தம்பி. ஒன்டாரியோ ஏரி அகலமான இடத்தில் சுமார் 85 கிலோமீட்டர்.

அப்புறம் மே மாதத் தண்ணீர். கனடாவில் 1-10-1 என்று சொல்லிக்கொடுப்பார்கள். குளிர்ந்த நீரில் விழுந்தால் மூச்சு நிதானப்பட ஒரு நிமிடம், கை கால் சொன்னபடி கேட்கப் பத்து நிமிடம், நினைவு தப்ப ஒரு மணி நேரம். பத்து நிமிடத்துக்குள் கயாக்கில் ஏற முடியாதவர் வெட்சூட் (குளிர் தாங்கும் நீச்சல் உடை) இல்லாமல் போகக்கூடாது. ஜூன் கடைசிவரை பொறுத்தால்தான் என்ன? அதற்குள் ஒரு சின்னக் குளத்தில், இடுப்பளவு நீரில், பாயோடு வேண்டுமென்றே கவிழ்த்துப் பழகுங்கள். நனைந்த பாய் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு எழும்பாது. முதலில் தாமானை விட வேண்டும், பிறகு மாஸ்டை உருவ வேண்டும், பிறகுதான் நிமிர்த்த வேண்டும். மாஸ்டுக்கு ஒரு கயிறு கட்டி வையுங்கள், உருவினால் மிதந்து போகாமல் இருக்க.

குருநகர்_கனடா | மே 20, இரவு 9.55

பொறுக்கிறேன். சட்டப்படி வைத்திருக்க வேண்டிய சாமான் எல்லாம் எடுத்துவைத்துவிட்டேன்: லைஃப் ஜாக்கெட், விசில், தண்ணீர் இறைக்கும் கைப்பம்பு, மிதக்கிற கயிறு 15 மீட்டர்.

குருநகர்_கனடா | ஜூன் 28, இரவு 10.30

ஓம், இறக்கியாச்சு.

இதற்குள் மூன்று தடவை ஒரு குளத்தில் கவிழ்ந்தேன். முதல் தடவை மாஸ்டை உருவ வரவில்லை. பதற்றத்தில் கோணலாக இழுத்திருக்கிறேன், துளைக்குள் இறுகிவிட்டது. கயாக்கின் முன்பக்கத்துக்கு நீந்திப் போய், குழாய்க்கு நேராகப் பிடித்து இழுத்ததும் வந்தது. மூன்றாவது தடவை எல்லாம் இரண்டு நிமிடத்துக்குள்.

இன்று தென்மேற்குக் காற்று, 8 நாட் அளவில். கூட்டாளி ஒருவர் இன்னொரு கயாக்கில் பக்கத்திலேயே வந்தார். பாயை விரித்ததும் படபடவென்று அடித்து, தாமானை இழுத்ததும் சத்தம் நின்றது. அந்த நொடியில் கயாக் காலுக்குக் கீழே நகர்ந்தது. ஜிபிஎஸ்ஸில் மணிக்கு 5 கி.மீ. பெரிய வேகம் ஒன்றும் இல்லை, பக்கத்தில் ஓடுகிறவர்கள் கூட முந்துவார்கள். ஆனால் நான் மிதிக்கவில்லை.

ஒரு தொல்லை. எதிர்க்காற்றுப் பக்கம் சரித்து ஓட்டினால் முன்பக்கம் காற்றை விட்டு விலகி விலகிப் போகிறது. சுக்கானை ஒரு பக்கமே பிடித்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. திசை மாற்றும்போது பாதியில் நின்றுவிட்டது, மிதித்துத்தான் திருப்பினேன்.

யாராக்கரை | ஜூன் 29, காலை 6.10

மாஸ்ட் முன்னால் இருக்கிற கயாக்கில் அது வரும். பாய் இழுக்கும் இடம் முன்னால், நீர் பிடிக்கும் இடம் பின்னால். முன் மூடிக்குள் நாலு லிட்டர் தண்ணீர்க் கேன் ஒன்று வைத்துக் கட்டுங்கள், மூக்குக் கொஞ்சம் தண்ணீரில் அமிழட்டும். கட்டாமல் வைத்தால் உருளும். திசை மாற்றும்போது மிதிப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நான் ஒன்பது வருடமாக மிதிக்கிறேன்.

அரைக்கணக்கு | ஜூன் 29, காலை 9.00

15 நாட் காற்றில் பாய் உங்களைச் சாய்க்கும் அளவு, 80 கிலோ ஆள் பக்கவாட்டில் 12 செ.மீ. நகர்ந்து உட்கார்ந்தால் சரிக்கட்டிவிடலாம். 20 நாட்டில் 22 செ.மீ. நகர வேண்டும். உங்கள் இருக்கையில் அவ்வளவு இடம் கிடையாது. அலையின் தலையெல்லாம் வெள்ளையாகத் தெரிய ஆரம்பித்தால் மாஸ்டைச் சுற்றிப் பாயைப் பாதியாக்குங்கள்.

குருநகர்_கனடா | ஜூலை 5, இரவு 9.20

நாலு லிட்டர் கேன் வேலை செய்கிறது. சுக்கான் இப்போது கையில் இலேசாக இருக்கிறது. கப்பி இன்னும் கயிற்று வளையத்தில்தான், துளை ஒன்றும் போடவில்லை. பச்சைப் பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன்.

சும்மா_சொல்றேன் | ஜூலை 6, காலை 8.45

ஒரு விஷயம். என் கயாக்கிலும் முன்னாடி ஒரு ரப்பர் மூடி இருக்கு. நாலு வருஷமா அது எதுக்குன்னு யோசிச்சதே இல்லை. நேத்து திறந்து கம்பை விட்டுப் பார்த்தேன். 13 செ.மீ. தான் இறங்குது. மெத்துனு இருக்கு.

அந்தத் திருகாணியைக் கம்பியோட எப்படிக் கட்டினீங்க?